நல்லவாட்டுக் கதையும் நம் தலைமைத்துவப் போதனையும்

தலைமைத்துவப் பயிற்சி முகாம்கள் இன்று நம் திருச்சபைகளில் பரவலாக நடைபெறுகின்றன. உபதேசியார், சபை மூப்பர், வாலிபர் சங்கத்தார் ஆகியோருக்கு அங்கே போதனை பெரும்பாலும் கதைகளின் வழியாகவே அளிக்கப்படுகின்றது. இம்முறையைக் குறை கூறுதல் தகாது. நம் ஆண்டவரும் உவமைகளால் போதித்தார். ஆனால் அவருடைய கதைகளைக் கேட்டோர் தம்மையே சோதித்தறிய வேண்டியதாயிற்று. நம் கதைகளோ ஒரு வீரனைப் புகழ்ந்து முடிந்துவிடுகின்றன. இக்குறையை நாம் அடிக்கடி எடுத்தாளும் ஒரு கதையைக் கொண்டு ஆராய்வோம்.

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, ஆழிப்பேரலை இவ்வூரைத் தாக்கியது. படகுகளும் வீடுகளும் பெருமளவில் அழிந்தன. ஆயினும், ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஓர் உயிரும் போகவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரித்ததே காரணம். ஒரு மனிதன், ஓர் அழைப்பு, ஓர் ஊர் பிழைத்தது: பிரசங்கத்திற்கு இதைவிட ஏற்ற கதை கிடைப்பது அரிது.

நற்செய்தி நூல்களை ஒப்பிட்டுப் படிக்கக் கற்ற நாம் இக்கதையையும் அவ்வாறே படித்தல் வேண்டும். அவ்விளைஞர் செய்தியை வானொலியில் கேட்டார் என்பர் சிலர். தொலைக்காட்சியில் கண்டார் என்பர் வேறு சிலர். ஊரிலிருந்த அறிவு மையத்தாரை அழைத்தார் என்பது ஒரு வடிவம். தம் தங்கையை அழைத்தார் என்பதும், கடல் நீர் வீட்டிற்குள் புகுவதாக அவர் சொல்லவே, உடனே வெளியேறி ஊராரை எச்சரிக்கும்படி கூறினார் என்பதும் மற்றொரு வடிவம். பின்னர் ஊரார் பூட்டை உடைத்து, மையத்தின் ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர் என அவ்வடிவம் தொடர்கின்றது.

வடிவங்கள் வேறுபடினும் ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் உள்ளது. அதை நாம் கதையில் ஒரு பொருளாகக்கூட மதிப்பதில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு தொடங்கிய பணியின் பயனாகவே புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்கள் தோன்றின. வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் நாள்தோறும் கூறப்பட்டது. தொலைபேசியில் எச்சரித்த இளைஞரும் இப்பணியில் முன்பு தொண்டராக இருந்தவரே. சாதாரண நாள்களில் உண்மை பேசிய குரலையே ஆபத்து நாளில் மக்கள் நம்பி ஓடினர். தலைமை அந்த அழைப்பில் தொடங்கவில்லை. யாரும் பாராட்டாத பல காலைப்பொழுதுகளில் தொடங்கியது.

தங்கையின் பங்கும் நம் பிரசங்கங்களில் மறைந்துவிடுகின்றது. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளில் ஆண்களே அமர்வது நெடுங்கால வழக்கம். அத்தகைய கரையில் ஒரு பெண்ணின் சொல்லுக்கு ஊர் செவிகொடுத்ததும், அனுமதிக்காகக் காத்திராமல் சிலர் பூட்டை உடைத்ததும் தலைமைச் செயல்களே அல்லவா?

இக்குற்றச்சாட்டில் எனக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் இக்கதையைச் சொல்லி, "தேவன் நல்லவாட்டைக் காத்தார்" என்று முடித்தேன். கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லிற்று. கூட்டம் கலைந்தபின், நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்திருந்த ஒரு தாய் என்னிடம் வந்து, "ஐயரே, எங்க ஊருக்கு ஏன் யாரும் போன் பண்ணலீங்க?" என்று கேட்டார். அலையில் தம் பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். நான் பதில் சொல்லாமல் நின்றேன்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தோர் மற்றவரைவிடப் பாவிகள் அல்லர் என்று ஆண்டவர் தெளிவாகக் கூறியிருக்க (லூக். 13:1-5), தப்பினோரைத் தெரிந்துகொள்ளப்பட்டோராகக் காட்டும் என் முடிவுரை, இறந்தோரைக் கைவிடப்பட்டோராக்கியது. அத்தாயின் கேள்விக்கு வானத்தில் விடை தேடுமுன் பூமியில் தேட வேண்டும். சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்ததற்கும் நம் கரையை அலை அடைந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கெனச் சுனாமி எச்சரிப்பு அமைப்பு அன்று இல்லை. ஹைதராபாத்தில் நம் நாட்டு மையம் 2007-இல்தான் செயற்படத் தொடங்கியது. காவற்காரனை நியமிக்காமல் விட்டது மனிதர் செய்த குறை. அதைத் தேவ சித்தத்தின் மேல் சுமத்துவது பக்தியன்று.

திருமறை இவ்வகைக் கதையை வேறு விதமாகச் சொல்லக் கற்பிக்கின்றது. சிறிய பட்டணத்தைத் தன் ஞானத்தால் விடுவித்த ஏழையை ஒருவரும் நினைக்கவில்லை என்று பிரசங்கி வருந்துகின்றார் (பிர. 9:13-16). நெகேமியா மூன்றாம் அதிகாரமோ, அலங்கத்தை யார் யார் எந்தெந்தப் பகுதியில் கட்டினர் என்று பெயர் பெயராய் அடுக்குகின்றது; சல்லூமின் குமாரத்திகளும் அப்பட்டியலில் உள்ளனர். வாசிக்கையில் நாம் தாண்டிச் செல்லும் அந்த அதிகாரமே தலைமைத்துவத்திற்கு நல்ல பாடநூல்.

ஆகவே கதைகளை விட்டுவிட வேண்டியதில்லை; முழுமையாகச் சொல்ல வேண்டும். கதை சொல்லும் ஆயர் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்வாராக: இக்கதையில் யார் விடுபட்டனர்? அந்த நாளுக்கு முன் யார் உழைத்தனர்? இதன் முடிவுரையை இழந்தவர் ஒருவர் முன்னிலையில் என்னால் சொல்ல முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ஆம் எனச் சொல்ல இயலாவிடில், அந்தப் பிரசங்கம் இன்னும் ஆயத்தமாகவில்லை. அந்தத் தாய் எனக்குக் கற்பித்தது இதுவே.