இழவும் வெகுளியும்: உளவுப் படங்களில் உணர்வு நடிப்பு – ஒரு மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உளவாளி உணர்வை மறைக்க வேண்டியவன். நடிகர் உணர்வைப் புலப்படுத்த வேண்டியவர். இம்முரணை வெவ்வேறு நடிகர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஜேம்ஸ்பாண்ட் வரிசைப் படங்களும், எம்.ஜி.ஆர்., ஜெய்சங்கர், கமல்ஹாசன் ஆகியோர் நடித்த தமிழ் உளவுப் படங்களும் ஒப்பிடப்படுகின்றன. தொல்காப்பியம் கூறும் அழுகை, வெகுளி ஆகிய மெய்ப்பாடுகளுக்கு இடைப்பட்ட காலத்தை நடிகர் எவ்வாறு கையாளுகிறார் என்பதே ஒப்பீட்டின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அழுகை, வெகுளி, உளவுப் படம், நட்சத்திரப் பிம்பம், திண்டுக்கல்.

முன்னுரை

தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார்; ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களையும் நந்நான்காகச் சுட்டினார். உள்ளத்து உணர்வு உடல்வழிப் புலப்பட்டு, காண்போரால் உணரப்படுவதே மெய்ப்பாடு. செய்யுளுக்குரிய உறுப்பாக இது கூறப்பட்டிருப்பினும், உரையாசிரியர்கள் இதனை நாடக நூல்கள் கூறும் சுவையோடு இணைத்தே விளக்கினர். ஆகவே நடிப்பை ஆராய இக்கோட்பாட்டைக் கொள்வது மரபுக்குப் புறம்பன்று.

ஆயினும், திரைப்படக் காட்சியொன்றை எடுத்துக்கொண்டு ‘இங்கு அழுகை உள்ளது, இங்கு உவகை உள்ளது’ எனப் பட்டியலிடுவதோடு அமைந்துவிடும் ஆய்வுகள் பல. அத்தகைய பட்டியல் கதையைப் பற்றிக் கூறுமேயன்றி நடிப்பைப் பற்றிக் கூறாது. ஒரே நிலைக்களனை இருவர் நடிக்கும்போது எழும் வேறுபாட்டை விளக்கும்போதுதான் கோட்பாடு திறனாய்வுக்குப் பயன்படுகிறது.

உளவுப் படம் இவ்வாய்வுக்கு ஏற்ற களம். அன்புக்குரியவர் கொல்லப்படுதல் இவ்வகைப் படங்களில் மீண்டும் மீண்டும் வரும் நிகழ்வு. தொல்காப்பிய நெறியில் அது இரு மெய்ப்பாடுகளுக்கு ஒருசேர நிலைக்களன் ஆகிறது. ‘இழவு’ என்ற நிலையில் அழுகையும், ‘குடிகோள்’, ‘கொலை’ என்ற நிலைகளில் வெகுளியும் அதிலிருந்து பிறக்கின்றன. கதையோட்டம் விரைந்து வெகுளியை நோக்கிச் செல்ல விழையும். அழுகை அதற்குமுன் எத்துணை நேரம் நிற்கிறது, எவ்வடிவில் நிற்கிறது என்பதில்தான் நடிகரின் தனித்தன்மை வெளிப்படுகிறது.

பெயர் நிலைக்க, முகம் மாறுதல்

1962 முதல் 2021 வரை ஒரே நிறுவனத்தின் வரிசையில் வெளிவந்த 25 ஜேம்ஸ்பாண்ட் படங்களில் அறுவர் அப்பாத்திரத்தை ஏற்றனர். 1969ஆம் ஆண்டுப் படத்தில் பாண்டின் மனைவி டிரேசி, மணநாளிலேயே சுடப்பட்டு இறக்கிறாள். ஜார்ஜ் லேசன்பி அவளை மடியில் கிடத்தி, அவள் இளைப்பாறுவதாகக் காவலரிடம் அமைதியாகக் கூறுகிறார். படம் அங்கேயே முடிகிறது. வெகுளிக்கு இடமே இல்லை. நடிப்பு அனுபவம் மிகக் குறைந்த அவரிடம் இவ்வரிசையின் மிகத் தூய அழுகை வாய்த்தது. தேர்ந்த நடிகர் துயரை உருவாக்கிக் காட்ட முயன்றிருக்கக்கூடும். இவரோ செயலற்று நிற்கிறார். இழவு என்பதும் செயலறுதல்தானே.

1971இல் ஷான் கானரி திரும்பியபோது, படம் எதிரியைத் தேடும் வெகுளியோடு தொடங்குகிறது. டிரேசியின் பெயர்கூட எழவில்லை. நிலைக்களன் நீக்கப்பட்ட வெகுளி ஆதலின் அது விளையாட்டாகவே எஞ்சுகிறது. 1981ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில் ரோஜர் மூர் அவள் கல்லறைமுன் மலருடன் நிற்கிறார். நகையையே தம் இயல்பாகக் கொண்ட அவர், இங்குத் தம் முகத்திலிருந்து நகையை விலக்குகிறார். அவ்விலக்கமே அழுகையாகப் புலப்படுகிறது. 1989இல் நண்பனின் திருமண விருந்தில் பாண்டின் பழைய மணவாழ்வு நினைவூட்டப்படுகிறது. டிமோதி டால்டன் முகம் இறுகி விலகிச் செல்கிறார். அப்படம் முழுவதும் அவர் காட்டும் கடுஞ்சினம் நண்பனின் இழப்பை முன்னிட்டது எனினும், அதன் வேர் தம் சொந்த இழப்பு என்பதை அந்த ஒரு நொடி உணர்த்திவிடுகிறது. 1999இல் பியர்ஸ் பிராஸ்னன், தாம் விரும்பிய பெண்ணைத் தாமே சுட்டபின் அவள் உடல்மேல் ஒரு கணம் குனிகிறார். கொன்றவனும் இழந்தவனும் ஒருவனே ஆகும் சிக்கல் அது. படம் அக்கணத்தை விரைந்து கடந்துவிடுகிறது.

2006இல் டேனியல் கிரெய்க் வெஸ்பரை இழக்கிறார். நீரிலிருந்து மீட்ட உடலை உயிர்ப்பிக்க முயலும் அவர், பின்னர்த் தொலைபேசியில் அவளை இகழ்ந்துரைக்கிறார். அழுகை இளிவரலாக மாற்றுருக் கொள்கிறது. அவ்விகழ்ச்சி பொய் என்பதை நாம் அறிகிறோம். 2021ஆம் ஆண்டுப் படத்தில் அவர் அவள் கல்லறைக்குச் செல்வது அதனை உறுதிப்படுத்துகிறது.

பாத்திரப் பெயர் நிலைத்திருப்பதால், ஒரு நடிகர் விட்டுச்சென்ற இழவை அடுத்தவர் ஏற்கவோ மறுக்கவோ முடிகிறது. இங்குத் துயரமே ஒரு மரபுரிமை.

முகம் நிலைக்க, பெயர் மாறுதல்

தமிழில் நிலை தலைகீழானது. பெயர்கள் மாறின, முகம் மாறவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) முதலிய படங்களால் ஜெய்சங்கர் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ எனப் பெயர் பெற்றார். உவகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் கூறும் ‘விளையாட்டு’ இவர் நடிப்பின் அடித்தளம். இடர் எதனையும் இலேசாகக் கடக்கும் உடல்மொழி இவருடையது. இழவு அதில் தங்க இடமில்லை.

எம்.ஜி.ஆரின் ‘ரகசிய போலீஸ் 115’ (1968) எண்ணைப் பெயராகக் கொண்டது. ஆனால் அவ்வெண்ணுக்குப் பின்னிருப்பவர் யார் என்பதில் பார்வையாளருக்கு ஐயமே எழுவதில்லை. 1967 ஜனவரியில் குண்டடிபட்டதனால் மாறிப்போன குரலோடு அவர் தொடர்ந்து நடித்தார். அக்குரலைக் கேட்டவர்கள் கதைமாந்தனின் துன்பத்தை மட்டும் கேட்கவில்லை. தாம் அறிந்த மனிதர் ஒருவரின் உண்மையான காயத்தையும் கேட்டனர். எனவே அவர் திரையில் இயல்பாகப் பேசுவதே பெருமிதமாயிற்று. தறுகண், இசைமை, கொடை ஆகிய பெருமித நிலைக்களன்கள் கதைக்கு வெளியிலேயே அவருக்கு அமைந்திருந்தன.

இதற்குத் திண்டுக்கல் தரும் சான்று தனித்துவமானது. உளவுத்துறை அதிகாரியாகவும் அறிவியலாளராகவும் எம்.ஜி.ஆர். இரட்டை வேடம் ஏற்ற ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973 மே 11 அன்று வெளியானது. அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திண்டுக்கல்லில், மே 20 அன்று மக்களவை இடைத்தேர்தல் நடந்தது. 1972 அக்டோபரில் தொடங்கப்பெற்ற அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் அங்குத் தன் முதல் வெற்றியைப் பெற்றது. அதன் வேட்பாளர் கே. மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றார். ஒரு படமே தேர்தலை வென்றது எனல் வரலாற்றுக்குப் பொருந்தாது. கட்சிப் பிளவும் களப்பணியும் அதன் காரணங்களுள் அடங்கும். ஆயினும் பூட்டுத் தொழிலாளரும் சின்னாளபட்டி நெசவாளரும் சமவெளி உழவரும் வாழ்ந்த அத்தொகுதியில், திரையில் கண்ட முகமும் மேடையில் கண்ட முகமும் ஒன்பது நாள் இடைவெளியில் ஒன்றாயின என்பது மறுக்கவியலாதது. பாண்டின் துயரம் பாத்திரத்துக்குரியது, எம்.ஜி.ஆரின் உணர்வோ அவருக்கே உரியது எனக் கொள்ளப்பட்டது. அந்நம்பிக்கையின் விலையாக, உளவுப் படங்களில் அவரால் கையற்று அழ இயலவில்லை. காக்க வந்தவர் கலங்குதல் ஆகாது.

விக்ரம்: ஓர் இழவு, இரு நடிகர்கள்

ராஜசேகர் இயக்கத்தில், சுஜாதாவின் எழுத்தில் உருவான ‘விக்ரம்’ (1986), லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ (2022) ஆகியவற்றால் தமிழில் பெயரும் முகமும் ஒருங்கே தொடரும் உளவாளி ஒருவன் அமைந்தான். முதற்படத்தில் விக்ரமின் மனைவி கொல்லப்படுகிறாள். கமல்ஹாசன் அங்கு அழுகையை உடலின் தளர்ச்சியாகக் காட்டுகிறார். எனினும் கதை சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்குச் சென்றதும் நகையும் காதலும் மேலோங்குகின்றன. நடிகர் நிறுத்திய அழுகையைப் படம் கைவிட்டுவிடுகிறது.

36 ஆண்டுகளுக்குப் பின் அதே நடிகர் மகனை இழந்தவராக வருகிறார். ஓசை தாங்காத கைக்குழந்தையான பேரனைக் காப்பதில் அவர் துயரம் அடங்கியிருக்கிறது. கண்ணீரை விட, ஓசையின்றி நடமாடும் அவ்வுடலே இழவைக் கூறுகிறது. ஆனால் நட்சத்திரத்தை வரவேற்கும் இசையும் ஆரவாரமும் எழும் இடங்களில் அழுகை மீண்டும் பெருமிதத்துக்கு வழிவிடுகிறது. தம் செயல் பழிவாங்கல் அன்று எனப் பாத்திரம் விளக்கம் கூறவும் நேர்கிறது. தந்தையின் வெகுளி பொதுநலமாக மாறினால்தான் நட்சத்திரத்துக்குத் தகுதியாகும் போலும்.

அதே படத்தில் ஃபகத் ஃபாசில் ஏற்ற அமர், 1986இல் விக்ரம் இழந்ததைப் போன்றே தன் மனைவியை இழக்கிறான். தமிழில் நட்சத்திரச் சுமை இல்லாத அவர், பெருமிதத்தின் துணையின்றி அவ்விழவை ஏற்கிறார். அதுவரை துருவி நோக்கிய கண்கள் நோக்கம் இழந்து நிற்கின்றன. வீட்டுப் பணிப்பெண்ணாகத் தோன்றி உளவாளியாக வெளிப்படும் ஏஜென்ட் டீனாவாக நடித்த வசந்தியிடம் இது இன்னும் தெளிவாகிறது. முன்னறியாத முகம் ஆதலின், ‘புதுமை’ பற்றிய மருட்கை காண்போர்க்கு உண்மையாகவே பிறக்கிறது. குழந்தைக்காக அவள் போரிட்டு மடியும்போது, மீண்டு வருவாள் என்ற உறுதியை எந்தப் பிம்பமும் நமக்குத் தருவதில்லை.

முடிவுரை

அழுகைக்கும் வெகுளிக்கும் இடைப்பட்ட காலமே உளவுப் படத்தில் நடிகருக்குரிய களம். பாண்ட் வரிசையில் அக்காலம் நடிகருக்கு நடிகர் வேறுபடுகிறது. தமிழில் அது நட்சத்திரப் பிம்பத்தின் அளவால் சுருங்குகிறது. பிம்பம் குறைந்த நடிகரிடம் விரிகிறது. மெய்ப்பாட்டை ஆராய்வோர் நடிகரின் உடலோடு, அவ்வுடலைக் காண்போர் முன்பே அறிந்திருந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

இதன் தொடர்ச்சியாகச் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. 1973இல் வாக்குரிமை வயது 21. அன்று திண்டுக்கல்லில் வாக்களித்தோருள் மிக இளையோரும் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் அப்படத்தில் எதைக் கண்டு கலங்கினர், எதைக் கண்டு மகிழ்ந்தனர் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்யும் காலம் குறுகி வருகிறது. படச்சுருள்களைப் பின்னரும் ஆராயலாம். கண்டவர்களின் நினைவை இப்போது மட்டுமே திரட்ட இயலும்.