படிக்காசும் வாசியும்

வற்கடம் வந்துற்ற காலத்தே திருவருளை நம்பியிருத்தல் எத்தன்மைத்து என்பதனைச் சேக்கிழார் பெருமான் திருவீழிமிழலை நிகழ்ச்சியில் வைத்து விளக்கியருளினார். 12ஆம் நூற்றாண்டில் எழுந்த திருத்தொண்டர் புராணத்துள் இப்பகுதியைப் பயில்வார் பலர், படிக்காசு பெற்ற அற்புதத்தை வியந்து, அக்காசில் வாசி நேர்ந்த செய்தியைச் சிறிதென விட்டுச் செல்வர். வேறு சிலர், இறைவன் தருவன், ஆதலின் முயற்சி வேண்டா என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டுவர். இவ்விரண்டும் ஆசிரியர் கருத்தாகாமை ஈண்டு ஆராயப்படும்.

ஆளுடைய பிள்ளையாரும் திருநாவுக்கரசரும் வீழிமிழலையில் எழுந்தருளியிருந்த நாளில் மழை பொய்த்தது. உயிர்கள் பசியால் வருந்தின. இறைவன் இருவர்க்கும் கனவில் தோன்றி, காலவேறுபாட்டால் அவர் உள்ளம் வாடாதாயினும், அவரை அடைந்தார் வாட்டம் நீங்கும்பொருட்டு நாடோறும் காசு தருவதாக அருளினன். அவ்வாறே கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் காசு வைக்கப்பெற்றது. தம்பொருட்டு ஒன்றும் வேண்டாதார்க்கே, பிறர்பொருட்டு இக்காசு வந்தது என்பது உற்றுணரற்பாலது. அடியார் அனைவரும் வந்து அமுது செய்க என்று பறை சாற்றுவித்தமையும் இக்கருத்தை வலியுறுத்தும்.

அரிசிற்கரைப்புத்தூர்ப் புகழ்த்துணை நாயனார்க்கும் வற்கடத்தில் காசு கிடைத்தது. அவரோ பசியால் மெலிந்தும் பூசையைக் கைவிடாதவர். திருமஞ்சனக் குடம் கைதவறி இறைவன் திருமுடிமேல் விழும் அளவும் பணி செய்து நின்றவர். முயற்சியற்றிருந்தார்க்குக் காசு வந்ததாகச் சேக்கிழார் யாண்டும் கூறினாரிலர்.

இனி வாசியைக் காண்போம். பிள்ளையார் திருமடத்தில் அமுது காலந்தாழ்த்தது. காரணம் வினவியபொழுது, அவர் பெற்ற காசுக்கு வணிகர் வட்டம் கேட்கின்றனர், அரசர் பெற்ற காசை வாசியின்றிக் கொள்கின்றனர் என்று திருமடத்தார் விடை கூறினர். அரசர் கைத்தொண்டு செய்தலால் அவர் காசு வாசியற்றதாயிற்று எனப் பிள்ளையார் திருவுளங்கொண்டார். மகன்மை நெறியில் நின்றார்க்கு வந்த காசினும், அடிமை நெறியில் உழவாரம் ஏந்தி நின்றார்க்கு வந்த காசு உயர்ந்து நின்றது. முயற்சி வேண்டா என்பார் வாயடங்கும் இடம் இதுவேயாம்.

அற்றேல், இது பிள்ளையார்க்கு இழுக்காகாதோ எனின், ஆகாது. அவர் வணிகரை வெகுண்டிலர், திருமடத்தாரைக் கடிந்திலர், தமக்குக் குறைந்தது என்று நாணவுமிலர். பசித்திருந்த அடியார்க்கு ஒரு நாழிகைத் தாழ்வும் நேரலாகாது என்னும் பேரருளால், மகன் தந்தையை வேண்டுமாறு, பதிகம் பாடி வாசி தீர்க்க வேண்டினார். மறுநாள் நற்காசு வந்தது. குறை கண்டவிடத்து அதனை மறையாது இறைவன்பால் முறையிடுதலும் நம்பிக்கையின் ஒரு கூறே என்பது இதனாற் பெறப்படும்.

குண்டையூரிற்போல நெல்மலையே தாராது ஈண்டுக் காசு தந்ததும், கடைக்குச் செல்வார், உலையேற்றுவார், அன்னம் படைப்பார் ஆகிய அனைவரும் அத்தொண்டிற் பங்குபெறற்பொருட்டுப் போலும்.

பின்னர் மழை பெய்து நாடு செழித்தது. ஆகலின், திருவருளை நம்புதலாவது கைகட்டி வாளாவிருத்தலன்று. கிடைத்த காசைக் கொண்டு அயலார் பசியையும் தீர்த்து, தன் பணியில் வழுவாது நிற்றலே என்க.

திருச்சிற்றம்பலம்.