டீப்காப்பியை யார் எழுதுவது?

ஹைபர்னேட்டில் நமக்கென்று ஒரு நெடுவரிசை டைப் வேண்டுமென்றால் முக்கியமாக இரண்டு வழி. பழையது யூசர்டைப். 2013-ல் ஜேபிஏ 2.1-உடன் வந்தது அட்ரிப்யூட்கன்வெர்ட்டர். இதில் இரண்டே மெத்தட்: டேட்டாபேஸுக்குப் போக ஒன்று, ஜாவாவுக்குத் திரும்ப ஒன்று. யூசர்டைப்பிலோ ஈக்வல்ஸ், ஹேஷ்கோட், டீப்காப்பி, இஸ்ம்யூட்டபிள் என்று பட்டியல் நீளும். யாராக இருந்தாலும் சுலபமானதைத்தான் எடுப்பாங்க. நானும் எடுத்தேன், மாட்டிக்கிட்டேன்.

கட்டண விதிகளை வைத்திருக்கும் ஒரு கிளாஸ். அதை ஜேசனாக மாற்றி டெக்ஸ்ட் நெடுவரிசையில் சேமித்தேன். கொஞ்ச நாளில் புகார் வந்தது: திருத்திவிட்டு சேவ் பண்ணினால், 'வேறொருவர் மாற்றிவிட்டார்' என்று பிழை. யாருமே மாற்றவில்லை. யாரோ அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்காங்க, அவ்வளவுதான்!

விஷயம் இது. ஹைபர்னேட் ஒரு வரிசையைப் படித்ததும் அதன் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்கிறது. ஃப்ளஷ் நேரத்தில் நகலையும் இப்போதைய மதிப்பையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அப்டேட் அனுப்புகிறது. கன்வெர்ட்டர் என்றால், நம் இரண்டு மெத்தட்களையும் போய்வர ஓட்டித்தான் நகல் எடுக்கும். ஒப்பிடுவது ஈக்வல்ஸை வைத்து. என் கிளாஸில் ஈக்வல்ஸ் இல்லை. அதனால் நகலும் அசலும் எப்போதுமே வேறு வேறு. வெறுமனே படித்த ட்ரான்ஸாக்ஷனிலும் அப்டேட் போனது, வெர்ஷன் எண் ஏறியது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் நகல் எப்படி, சமம் என்றால் எது என்ற இரண்டு கேள்விகளை மறைத்துவிட்டுத்தான் அந்த இடைமுகம் 'சுலபம்' என்ற பெயரை வாங்கியிருக்கிறது. யூசர்டைப் நச்சரித்தாலும் கேட்டுவிடும். கேட்டும் பலர் டீப்காப்பியில் வந்த ஆப்ஜெக்ட்டையே திருப்பிக் கொடுக்கிறோம் (எங்கிருந்தோ காப்பி அடித்த கோட்!). அது இதைவிட மோசம். நகலும் அசலும் ஒன்றாகிவிடுவதால், உள்ளே செய்த மாற்றம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

2022-ல் வந்த ஹைபர்னேட் 6-இல் யூசர்டைப் ஜெனரிக் ஆனது, ஜேசனுக்கு நேரடி ஆதரவு வந்தது. ஸ்ட்ரிங் தரும் கன்வெர்ட்டரை போஸ்ட்கிரெஸின் ஜேசன்பி நெடுவரிசை ஏற்காது என்ற தொல்லை அதோடு விட்டது. பழைய கோடை மாற்றும் வேலை எரிச்சல்தான், ஆனாலும் நல்ல திருத்தம்.

இப்போது புதிதாக எழுதுவதை ரெக்கார்டாக எழுதுகிறேன், ஈக்வல்ஸ் தானே வரும். உள்ளே லிஸ்ட் இருந்தால் கன்ஸ்ட்ரக்டரில் லிஸ்ட்.காப்பிஆஃப் போட மறக்கக்கூடாது. போன வாரம்கூட மறந்தேன்.