உள்ளுதலும் அருள் வருதலும்

கவிதை பிறக்கும் வேளையைக் குறிக்கத் தமிழுக்குச் சொந்தச் சொல் இல்லை, ‘உத்வேகம்’, ‘அகத்தூண்டுதல்’ போன்றவை கடன் வாங்கியோ புதிதாக ஆக்கியோ கொண்டவை என்னும் கருத்து இலக்கிய மேடைகளில் இன்று கூச்சமின்றிச் சொல்லப்படுகிறது. கூத்துக் களத்தின் பக்கமே தலைகாட்டாத படிப்பாளிகளின் கருத்து இது.

‘உள்’ என்னும் வேர் கன்னடத்தில் ‘ஒளகெ’ என்றும் தெலுங்கில் ‘லோ’ என்றும் வழங்க, தமிழில் அது உள்ளுதல், அதாவது ஆழ்ந்து நினைத்தல், என்றும் உள்ளம் என்றும் கிளைத்தது. திருக்குறளின் ஊக்கமுடைமை அதிகாரத்தில் உள்ளம் என்பதற்கு ஊக்கம் என்றே உரைகாரர் பொருள் கொள்வதால், நினைப்பும் எழுச்சியும் ஒரே சொல்லில் குடியிருந்தமை விளங்கும். தெய்வம் ஏறி ஆடும் வெறியாட்டு சங்கப் பாடல்களில் முருகன் பூசாரியாகிய வேலனுக்குரியது. அகப்பாடல்களின் தோழி அவனை எள்ளி நகையாடவும் தயங்குவதில்லை. தம் வாயால் இறைவனே பாடுகிறான் என்னும் எண்ணம் சம்பந்தரிடமும் நம்மாழ்வாரிடமும் ஓங்கியது. காளமேகத்துக்குத் தாம்பூலத்தோடு கவிதை வந்த கதை அதன் மலிவுப் பதிப்பு. வடமொழித் தண்டியோ, பிரதிபை எனப்படும் பிறவிக் கற்பனைத்திறன் இல்லாதவர்க்கும் கல்வியாலும் முயற்சியாலும் வாணி ஓரளவு அருள்வாள் என்று நிதானமாகச் சொன்னார்.

1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் கவிதையை வரிவரியாக அலசும் ஒழுக்கத்தைக் கற்பித்தது. பின்வந்த சிற்றிதழ்களில் ‘தரிசனம்’, ‘உள்ளொளி’ என்னும் ஒளிவட்டச் சொற்கள் மிகுந்து, எவ்வாறு எழுதப்பட்டது என்ற கேள்வியே அநாகரிகமாகத் தோன்றும் நிலை உருவாயிற்று. எழுச்சி ஒருபுறமும் உழைப்பு மறுபுறமுமாகப் பிரிந்துபோன வறட்சி அப்போது நேர்ந்தது.

ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடையிலுள்ள உத்தனப்பள்ளி வட்டாரத்தில், ஆலைப் பேருந்துகள் ஓடும் இக்காலத்திலும், தெய்வம் ஏறும் எழுச்சி நிலைக்கு மூன்று மொழிகளில் பேச்சு வழக்கு உண்டு. தமிழர் ‘அருள் வந்தது’ என்பர். கன்னடத்தார் தெய்வம் ‘மைமேல்’, அதாவது உடல்மேல், வந்ததாகச் சொல்வர். தெலுங்கர் ‘பூனகம்’ என்பர். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளின் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தில் இவ்வழக்கின் முழுப்பொருளும் கண்முன் நிகழ்கிறது. துகிலுரிதலில் பாஞ்சாலி வேடதாரிக்கு அருள் ஏறினால், கற்பூரம் காட்டிச் சாமியை ‘மலையேற்றி’, அதாவது உடலைவிட்டு வழியனுப்பி, மீண்டும் கூத்தைத் தொடர்வர். அந்த வேடதாரி வாத்தியாரிடம் அடவும் பாட்டும் பயின்றவர். பயிற்சி அருளுக்குத் தடையாக இருந்ததில்லை. அர்ச்சுனன் தபசில் நெட்டமரம் நட்டு, வேடதாரி பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையும் பூவும் எறிய, பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பர். தவம் என்னும் ஒருமுகச் சிந்தனை இங்கே மூச்சிரைக்க ஏறும் உடலுழைப்பு; பாசுபத அம்பு பெறும் வரமும் அந்த ஏற்றத்தின் முடிவிலேயே கிட்டுகிறது.

உள்ளுதலையும் எழுச்சியையும் பிரிக்காத பழைய பொருள் ஏட்டைவிட இந்த மரத்தடியில்தான் பிழைத்திருக்கிறது. திறனாய்வு தனக்கு வேண்டிய கலைச்சொற்களை இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், குறிப்பாக ‘மலையேறுதல்’. வேகம் அடங்கியபின் கவிஞன் தன் கைப்பிரதியை அடித்துத் திருத்த உட்காரும் வேளைக்கு அச்சொல் கச்சிதமாகப் பொருந்தும். தரிசனவாதிகள் அந்த வேளையைப் பற்றி வாய் திறப்பதேயில்லை.