சந்தியில் நிற்பவளின் வழக்கு: ‘சங்கதி’யின் ஊர்க்கூட்டம் குறித்து

பாமாவின் ‘சங்கதி’ (1994) பற்றிய ஆய்வேடுகளில் பரவலாகக் காணப்படும் ஓர் இயல் அமைப்பு உண்டு. சாதிக்கொடுமைக்கு ஓர் இயல், பெண்ணடிமைக்கு ஓர் இயல், உழைப்புச் சுரண்டலுக்கு மற்றோர் இயல். சான்றுகளைத் தொகுப்பதற்கு இவ்வமைப்பு வசதியானது. நெறியாளர்களும் இதனையே விரும்புவர். ஆயின் இவ்வசதிக்குக் கொடுக்கப்படும் விலை சிறிதன்று. மாரியம்மா என்னும் கூலிப்பெண் மூன்று இயல்களிலும் எடுத்துக்காட்டாக வருகிறாள். அவளுக்கு நேர்ந்தது இன்னதென்று எந்த இயலும் முழுமையாகச் சொல்வதில்லை.

கிணற்று வேலையில் விழுந்து நெடுநாள் மருத்துவமனையில் கிடந்து மீண்டவள் அவள். விறகு பொறுக்கித் திரும்பும் வழியில் தண்ணீர் குடிக்க ஒரு நிலவுடைமையாளரின் பம்புசெட்டுப் பக்கம் போகிறாள். அவர் அவளிடம் முறைகேடாக நடக்க முற்பட, தப்பி ஓடிவருகிறாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவர் சேரிக்குச் சென்று, மாரியம்மாவும் மாணிக்கம் என்னும் இளைஞனும் தம் தோட்டத்தில் தவறாக நடந்துகொண்டதாக நாட்டாமையிடம் முறையிட்டுவிடுகிறார். ஊர்க்கூட்டம் கூடுகிறது. மாரியம்மாவுக்கு 200 ரூபாய், மாணிக்கத்துக்கு 100 ரூபாய் அபராதம்.

இக்கூட்டத்தில் நிலவுடைமையாளரின் சாதியார் எவரும் அமர்ந்து தீர்ப்புச் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. தீர்ப்பளிப்பவர்கள் மாரியம்மாவின் சொந்தச் சாதி ஆண்கள். அவர்கள் நாளை அதே நிலங்களுக்குக் கூலிக்குப் போக வேண்டியவர்கள். உண்மை இன்னதென்று பெண்களுக்குத் தெரியும், அவர்கள் முணுமுணுக்கிறார்கள், அதட்டி அடக்கப்படுகிறார்கள். இது சாதியின் கொடுமையா, ஆணாதிக்கத்தின் கொடுமையா, கூலி உறவின் கொடுமையா என்று வினவுவோர்க்குப் பாமாவின் பனுவல் ஒரு விடையை வைத்திருக்கிறது. அவ்விடை மாணிக்கம். அவனும் அதே சாதி, அதே கூலிநிலை, அதே பொய்க்குற்றச்சாட்டு; தண்டம் மட்டும் பாதி. சாதியையும் வர்க்கத்தையும் மட்டும் கொண்டு விளக்குவோர் இந்த நூறு ரூபாய் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டுவர இயலாது. பாலினத்தை மட்டும் கொண்டு விளக்குவோர் மாணிக்கத்தின் நூறு ரூபாயை விளக்க இயலாது.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. ஒரே வயல்வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலி என்பதை இந்நூல் வேறிடத்தில் பதிவுசெய்கிறது. அதனை இக்காட்சியோடு சேர்த்து வாசித்தால், குறைந்த கூலி பெறுபவளுக்கே இரட்டிப்புத் தண்டம் விதிக்கப்படுவது புலனாகும். பணத்தில் இருமடங்காகத் தோன்றும் அத்தண்டம் உழைக்கும் நாள்களாகக் கணக்கிடும்போது இருமடங்கினும் மிகுதி. தனித்தனி இயல்களில் வைக்கப்பட்ட இரு சான்றுகள் ஒன்றையொன்று சந்திக்காதபோது இக்கணக்கு கண்ணில் படுவதேயில்லை.

இதே சிக்கல் முற்றிலும் வேறான ஒரு நிலத்தில், தொழிற்சாலைப் பணியிடம் ஒன்றன் வழக்காக எழுந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கில் 1976இல் அமெரிக்க மாவட்ட நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 1964க்கு முன்னர் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பின்னர்ப் பொருளாதார மந்தம் வந்தபோது, பணிமூப்பின் அடிப்படையில் ஆட்குறைப்புச் செய்யப்பட்டது. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலையிழந்தனர். நீதிமன்றமோ, நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்தே வந்திருப்பதால் பாலினப் பாகுபாடு இல்லை என்றது. இனப் பாகுபாட்டைப் பற்றிய முறையீட்டை அந்நிறுவனத்தின் மீதிருந்த வேறொரு வழக்கோடு இணைத்துக்கொள்ளலாம் என்றது. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர் என்பதும், கறுப்பின ஆண்களின் நிலை வேறு என்பதும் தீர்ப்பில் எடையேறவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு புதுவகை வழக்குரிமையைத் தோற்றுவிக்க நீதிமன்றம் உடன்படவில்லை.

இத்தீர்ப்பை முன்வைத்தே கிம்பர்லே கிரென்ஷா 1989இல் ‘இன்டர்செக்ஷனாலிட்டி’ என்னும் கருத்தாக்கத்தை வகுத்தார். தமிழில் இது ஊடுவெட்டு, குறுக்குவெட்டுத்தன்மை எனப் பலவாறு வழங்குகிறது. இவ்வாக்கங்கள் கோடுகளைக் காட்டுகின்றன. கிரென்ஷாவின் உவமையோ சாலைச் சந்திப்பு. நாற்சந்தியில் அடிபட்டவளை மோதியது எத்திசை வண்டி என்று எப்போதும் பிரித்துச் சொல்ல இயலாது. பல வண்டிகள் சேர்ந்தும் மோதியிருக்கலாம். ‘சந்தி’ என்னும் எளிய சொல் நம்மிடம் இருக்க, வடிவகணிதத்தை நாடியது ஏனென்று தெரியவில்லை. சொற்பூசல் ஒருபுறம் இருக்க, இவ்வுவமை கூட்டல் கணக்கை மறுக்கிறது என்பதே முதன்மையானது. தமிழ்த் திறனாய்வில் பெருவழக்காகிவிட்ட ‘இரட்டை ஒடுக்குமுறை’, ‘மும்மடங்கு ஒடுக்குமுறை’ என்னும் தொடர்கள் இன்னும் கூட்டல் கணக்கையே போடுகின்றன.

இந்தியச் சட்ட வரலாற்றிலும் இவ்விடுபடல் நிகழ்ந்துள்ளது. இராசத்தானில் அரசுத் திட்டமொன்றின் களப்பணியாளரான பன்வாரி தேவி, ஆதிக்க சாதிக் குடும்பமொன்றின் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார்; அதன் தொடர்ச்சியாக 1992இல் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானார். அவர் குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். குற்றம் சாட்டப்பட்டோரை அமர்வு நீதிமன்றம் 1995இல் அவ்வழக்கிலிருந்து விடுவித்தது. அந்நிகழ்வையொட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 1997இல் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்கு அவை அடித்தளமாயின. கோடிக்கணக்கான பெண்களுக்குப் பயன்தரத்தக்க அந்நெறிமுறைகள் பாலினச் சமத்துவத்தைப் பேசின. அவற்றுக்குக் காரணமான பெண்ணைத் தாக்கிய சாதியை அவை பேசவில்லை.

இலக்கியம் இதனை முன்னரே கண்டது எனலாம். 1935இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் மருதியை ஊரில் துரத்துவது சாதியும் வறுமையும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அவற்றோடு வெள்ளையர் முதலாண்மையும் சேர, அதிகாரத்தில் உள்ளோரின் இச்சைக்கு இரையாகி அவள் நோயுறுகிறாள். ஆயினும் மருதியைப் பற்றிப் பேசுவது கதைசொல்லியின் குரல். ‘சங்கதி’யில் சேரிப்பெண்களின் பேச்சே நூலாகியிருக்கிறது. கூலி, பேறுகாலம், பேய், சினிமா, அடி, வசை, சிரிப்பு எல்லாம் ஒரே மூச்சில் வந்துபோகும் அப்பேச்சில் இயற்பகுப்புக்கு இடமில்லை. இதனை நாவலின் கட்டுக்கோப்பு இன்மை என்று குறைகூறியோர், அப்பேச்சு எதைப் பிரிக்க மறுக்கிறது என்று கேட்டிருக்கலாம்.

ஊர்க்கூட்டத்தோடு மாரியம்மாவின் கதை முடியவில்லை. பழிச்சொல் ஒட்டிக்கொண்டதனால் அவளை அந்த மாணிக்கத்துக்கே மணமுடித்து வைக்கிறார்கள். அவன் குடிகாரன். அவள் படும் பாட்டை இன்றைய ஆய்வேடு ‘குடும்ப வன்முறை’ என்னும் துணைத்தலைப்பின்கீழ், பெண்ணியம் பற்றிய இயலில், பத்துப் பக்கங்கள் தள்ளி வைக்கும். அத்திருமணத்தின் தொடக்கமோ நிலவுடைமையாளரின் பம்புசெட்டில் இருக்கிறது.