அரிக்கமேட்டுப் பாசிமணி
எங்கள் மந்தாரக்குப்பத்துப் பக்கம் பூமியைத் தோண்டினால் பழுப்பு நிலக்கரி. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் பாசிமணி. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பேரெல்லாம் அவற்றுக்கே போயிற்று. எனக்கென்னவோ மணிகள்தான் உசத்தி.

உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடேற்றி வெட்டுமுனையை மழுக்குவார்கள். கடுகளவுச் சிவப்பு மணி ஒன்றை உருப்பெருக்கியில் பாருங்கள்: இழுத்த வாக்கிலேயே நுண்கோடுகள் ஓடும். துளை பிறகு போட்டதல்ல, குழலோடு வந்தது. சிவப்பு, செம்பின் கைவேலை.

இவ்வகை மணிகள் தாய்லாந்து, வியட்நாம் வரை கிடைக்கின்றன. ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தத் தொழில் 20-ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அரிக்கமேட்டுப் பொருள்கள் அங்கே இருக்கின்றன.