கரிசல் வெயிலில் ராஜ்தூத் 350: புதுப் பெட்ரோலுக்கு டைமிங் எவ்வளவு?

இன்று கோவில்பட்டியில் வண்டியை பங்க்கில் நிறுத்திச் சாதாரணப் பெட்ரோல் கேட்டால் டேங்கில் விழுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த சரக்கு. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி, 2025க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அதன் ஆக்டேன் எண் 95 என்கிறது மத்தியப் பெட்ரோலிய அமைச்சகம். ராஜ்தூத் 350 விற்பனைக்கு வந்த 1983இல் நிலைமை வேறு. சாதாரணப் பெட்ரோல் 87 ஆக்டேன். 93 வேண்டுமென்றால் கூடுதல் விலை, அதுவும் எல்லா ஊரிலும் கிடைக்காது. அந்தப் பெட்ரோலில் ஈயமும் இருந்தது. நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000ஆம் ஆண்டில்தான். வண்டி அப்படியே இருக்க, அது குடிக்கும் பெட்ரோல் ஆளே மாறிவிட்டது.

ஆக்டேன் ஏறிவிட்டதே, டைமிங்கை அட்வான்ஸ் செய்து இன்னும் கொஞ்சம் இழுவை எடுத்தால் என்ன என்ற எண்ணம் பழைய வேக வண்டி வைத்திருப்பவர்களுக்கு வராமல் இருக்காது. நண்பரின் ஹெச்.டி. ரக ராஜ்தூத் 350இல் 1.8, 2.0, 2.2 மில்லிமீட்டர் என மூன்று அளவுகளில் டைமிங் வைத்து ஓட்டிப் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூடிய ஆக்டேனை இழுவைக்காகச் செலவழிக்காதீர்கள். இந்த மண்ணின் வெயிலுக்கு அது தேவைப்படுகிறது.

வண்டியைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். யமஹாவின் ஆர்.டி.350ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே ராஜ்தூத் பெயரில் தயாரித்தது. 347 சி.சி., இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், காற்றில் ஆறும் எஞ்சின், ஆறு கியர். முதலில் வந்த ஹெச்.டி. 30.5 குதிரைத்திறன், மைலேஜுக்காகக் குறைத்துச் செய்த எல்.டி. சுமார் 27. மற்ற பைக்குகள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடவே திணறிய காலம் அது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அலறல் இன்னும் காதில் இருக்கும்.

இனி டைமிங். பிளக்கில் பொறி விழுந்தவுடன் பெட்ரோல் ஆவி முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவ ஒரு மில்லிசெகண்டு, இரண்டு மில்லிசெகண்டு பிடிக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் அது முழுவதும் உந்துவிசையாக மாறும். அதனால் பிஸ்டன் மேலே ஏறிவரும்போதே பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதுதான் டைமிங். அளவுக்கு மீறி முன்னால் போனால், தீ பரவுவதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் ஆவி சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். ஆக்டேன் எண் என்பது அந்த வெடிப்பைத் தாங்கும் திறன் மட்டுமே. 95 ஊற்றினால் வண்டிக்குத் தனியாகச் சக்தி வந்துவிடாது. டைமிங்கையோ கம்ப்ரஷனையோ கூட்டுவதற்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆர்.டி.350க்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. கீழே. இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் 54 மி.மீ.; கணக்குப் போட்டால் 2 மி.மீ. என்பது ஏறத்தாழ 20 டிகிரி. 1.8 வைத்தால் 19, 2.2 வைத்தால் 21. ஒரு டிகிரிக்கு 0.2 மி.மீ.தான் வித்தியாசம் என்பதை மனதில் வையுங்கள். கைவாக்கில் தட்டைத் தள்ளி வைக்கிற வேலை இல்லை இது. கார்களின் டிஸ்ட்ரிபியூட்டரில் இருப்பதுபோல் வேகம் கூடக்கூட அட்வான்ஸைக் கூட்டும் எடைக்கட்டிகளோ, வேக்குவம் குழாயோ இதில் கிடையாது. 3000 சுற்றிலும் 20 டிகிரி, 7000 சுற்றிலும் 20 டிகிரி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உண்மையில் கீழ்ச் சுற்றில் கூடுதலாகவும், சைலன்சர் குழாய் முழு மூச்சில் சிலிண்டரை நிரப்பும் மேல் சுற்றில் குறைவாகவும் அட்வான்ஸ் வேண்டும். ஒரே எண்ணால் இரண்டையும் சமாளித்தார்கள் யமஹாக்காரர்கள்.

கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளக் துவாரத்தில் திருகி மாட்டும் அடாப்டரோடு ஒரு டயல் கேஜ், ஒரு மல்டிமீட்டர், ஃபில்லர் கேஜ். இவ்வளவு போதும். முந்தைய தலைமுறை மெக்கானிக்குகள், திறக்கும் கணத்தில் பொறியை விழவைக்கும் பாயிண்ட்டுக்கு நடுவே சிகரெட் தாளை வைத்து, தாள் நழுவும் கணத்தைப் பிடிப்பார்கள். தேர்ந்த கைக்கு அது தப்பாது. ஆனால் ஒரு டிகிரி வித்தியாசத்தில் மூன்று அளவுகளை ஒப்பிட வேண்டுமென்றால் மல்டிமீட்டரின் பீப் ஒலியைத்தான் நம்புவேன். டயல் கேஜில் எனக்குப் பிடித்தது, 0.01 மி.மீ. கோடுகள் தெளிவாகத் தெரிவது. பிடிக்காதது, அடாப்டர் கழுத்தின் லூஸ்: சரியாக இறுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் உச்சிப்புள்ளி நகர்ந்து காட்டும். வாங்கும்போதே அதை ஆட்டிப் பாருங்கள்.

முதலில் இரண்டு பாயிண்ட்டுகளின் இடைவெளியையும் 0.30இலிருந்து 0.40 மி.மீ.க்குள் வைக்க வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானாக முன்னால் போய்விடும். அதனால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. பிறகு கேஜை மாட்டி உச்சியைக் கண்டுபிடித்து முள்ளைச் சுழியத்தில் வையுங்கள். எஞ்சினைப் பின்னோக்கி நன்றாகத் திருப்பி, ஓடும் திசையிலேயே மெல்ல மேலே கொண்டுவரும்போது, 2.00இல் முள் நிற்கும் அதே இடத்தில் மல்டிமீட்டரின் பீப் அடங்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கான பாயிண்ட் பெரிய தட்டோடு சேர்ந்து நகரும், மற்றதற்குத் தனியாகச் சிறு தட்டு உண்டு. பெரியதை முதலில் முடியுங்கள். ஒரு சிலிண்டரைப் பார்த்து மற்றதையும் அதே என்று விட்டுவிடுவது ஆபத்து. இரண்டும் தனித்தனி எஞ்சின் என்றே நினைத்து வேலை செய்ய வேண்டும்.

டைமிங்கைத் தொடுமுன் கார்புரேட்டரைச் சரிசெய்ய வேண்டும் என்றார் எங்களோடு இருந்த மூத்த மெக்கானிக். “டைமிங்க அப்புறம் பாப்போம் அண்ணாச்சி, சும்மா ஒரு சுத்து ஓட்டிட்டு வாரேன்” என்று நண்பர் சாவியை எடுத்தபோது அவர் விடவில்லை. “இல்ல தம்பி. மாட்டுக்கு முதல்ல தண்ணி காட்டணும், அப்புறந்தான் ஏர்ல பூட்டணும். ஜெட்ட பாக்காம டைமிங்ல கை வச்சா பிஸ்டன்ல ஓட்டை விழுந்துரும்.”

அவர் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதம் கலந்தால் 13.5 அளவில் வந்து நிற்கும். புது வண்டியில் சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய ஜெட் பழைய அளவையே விடும். கலவையில் பெட்ரோல் போதாமல் ஏழெட்டு சதவீதம் லீனாகிவிடும். லீன் கலவை சூட்டைக் கூட்டும், சூடு நாக்கிங்கைக் கொண்டுவரும். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட நிறையக் குளிர்ச்சி தரும் என்பது உண்மைதான். லீனாக ஓடும் எஞ்சினை அந்தக் குளிர்ச்சி காப்பாற்றாது. மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினோம். பெட்ரோல் குழாயையும், டேங்க் டேப்பின் ரப்பரையும் மாற்றினோம். எத்தனாலில் பழைய ரப்பர் ஊதிப்போகும்.

ஓட்டிப் பார்க்க இந்த வட்டாரத்தைவிடக் கடுமையான பரீட்சைக்களம் தேட வேண்டாம். சாத்தூரிலிருந்து கயத்தாறு வரை நான்குவழிச்சாலை நூல் பிடித்ததுபோல் கிடக்கிறது. வளைவுகள் அடுத்தடுத்து வரும் சாலையில் திராட்டிலை விட்டு விட்டுப் பிடிப்போம், பிஸ்டன் ஆறும். இங்கே ஒரே பிடியில் பத்து நிமிஷம் போகலாம், சூடு ஏறிக்கொண்டே இருக்கும். சித்திரை மதியத்தில் காற்று சூடாகவும் காய்ந்தும் இருக்கிறது. இரண்டுமே நாக்கிங்குக்கு நண்பர்கள். ஈரக்காற்று அதை அடக்கும், கார்த்திகை மழையில் அதே வண்டி சாந்தமாக ஓடுவதற்குக் காரணம் அதுதான். ஆனி, ஆடியில் வேறொரு சோதனை: கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று, கழுகுமலைச் சாலையில் மேற்கே போகிறவரின் நெஞ்சில் மோதும். அறுபதில் போனாலும் எஞ்சினுக்கு எண்பதின் சுமை.

2.2இல் வண்டி உடனே பிடிக்கிறது. 3000இலிருந்து 5000 சுற்று வரை கைக்குக் கை பதில். ஊருக்குள் ஓட்டினால் இதுதான் சரியான அளவு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சாலையில் முழுச் சுமையில் ஓட்டி, எஞ்சினை அப்படியே அணைத்துப் பிளக்கைக் கழற்றினால் கதை மாறுகிறது. டூ ஸ்ட்ரோக்கின் சத்தத்தில் நாக்கிங் காதில் விழாது, பிளக்கின் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். பொடிக் கரும்புள்ளிகளுக்கு நடுவே அலுமினிய மினுக்கம் இருந்தது. பிஸ்டன் தலை அரிக்கத் தொடங்கியதற்கு அதுவே அடையாளம். அதோடு அந்த அளவை நிறுத்திவிட்டேன். எத்தனால் பிளக்கில் பழுப்பு நிறத்தைச் சரியாக விடாது என்பதால், நிறத்தை வைத்து லீன், ரிச் சொல்லும் பழைய பழக்கம் இனி அரைகுறையாகத்தான் உதவும். புள்ளிகளைத் தேடுங்கள்.

2.0 சுத்தமாக ஓடியது. பிளக் தெளிவு, இழுவை நிறைவு. சித்திரை மதியத்தில் மட்டும் எஞ்சினின் சூடு காலில் உறைத்தது.

1.8 எனக்குப் பிடித்துப்போனது. புறப்படும்போது லேசான மந்தம், உண்மை. ஆனால் பொறி தாமதமாவதால் கொஞ்சம் சூடு சைலன்சர் குழாய்க்குள் போகிறது, அது மேல் சுற்றில் எஞ்சினை இன்னும் தளர்வாக ஓட விடுகிறது. ஆறாவது கியரில் 6000 தாண்டி வண்டி தயங்கவே இல்லை. மேல்காற்றுக்கு எதிரே ஓட்டியபிறகும் பிளக்கில் ஒரு புள்ளி கிடையாது.

ஆகவே பங்குனியிலிருந்து ஆடி வரை 1.8, மழை தொடங்கியபின் 2.0. சாலைக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் ஆண்டு முழுக்க 2.0 வைத்துக்கொள்ளலாம். எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரிலிருந்து பெரிய நகரங்களின் சில பங்க்குகளில் விற்கிறது. அதை ஊற்றினாலும் 2.0ஐத் தாண்ட வேண்டாம், ஏனென்றால் அடுத்த டேங்க் கோவில்பட்டியில்தான் நிரம்பப்போகிறது. ஜெட்டையும் இங்கே கிடைக்கும் பெட்ரோலுக்கே வைத்திருங்கள். செலவு செய்ய மனமிருந்தால், மேல் சுற்றில் டைமிங்கைத் தானாகப் பின்தள்ளும் எலக்ட்ரானிக் இக்னிஷன் இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்று.

பாயிண்ட்டோடு தொடர்கிறவர்கள் கேமில் உரசும் ஃபைபர் குதியைக் கவனியுங்கள். அது தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங் பின்னால் நழுவும். ஃபெல்ட் துண்டில் ஒரு சொட்டு எண்ணெய் போட்டால் தேய்மானம் குறையும். கோடையில் கரிசல் புழுதி பக்கவாட்டு மூடியின் கேஸ்கெட் வழியே உள்ளே புகும், அதையும் துடையுங்கள். ஏர் ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் மேலே சொன்ன எந்த எண்ணும் செல்லாது. முதலில் அதை மாற்றிவிட்டுக் கேஜை எடுங்கள்.